மாமா கேட்காமல் விட்ட கேள்வி

அத்தியாயம் 14

ஞானேந்திரன் மாமா வீட்டில் ஒருவருக்கும் புற்றுநோய் கிடையாது. அங்கே இருப்பது வாய்வு.

கணையத்தில் தொடங்கி ஈரல்வரை போன பிறகும் அது வாய்வுதான். இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரின் வாசம் மூன்று மாதமாக அந்த வெரிபீ வீட்டுக் குசினியை விட்டுப் போகவில்லை. அவர் மனைவி அஞ்சலீனா மாமி அப்படித் தீர்மானித்துவிட்டார். மாமி ஒன்றைத் தீர்மானித்தால் சொந்த ஊர்ப் பேசாலைக் கடலும் ஒதுங்கி வழிவிடும் என்று மாமாவே சொல்வதுண்டு.

டொக்டர் சொல்லத்தான் பார்த்தார். "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று மாமாவிடம் நேரே கேட்டார். "எல்லாத்தையும் மகனிட்டச் சொல்லுங்கோ" என்று மாமா கையை விரித்துவிட்டார். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, மாதக் கணக்கில் பேச வேண்டாம், கிழமைக் கணக்கில் பேசுவோம் என்று டொக்டர் மகன் றமேசுக்குச் சொன்னார். அவன் தாய்க்குச் சொன்னான். செய்தி மாமாவிடம் போகாமல் அத்தோடு நின்றது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இன்னும் ஒன்று. மருமகள் ஜெனோஜா ஆஸ்பத்திரி வார்ட்டில் ஒன்பது வருடமாக நர்ஸ். வீட்டுக்கு வந்து மாமாவைப் பார்க்கிற மெலிசா என்ற நர்ஸ் வலிக்குத் தந்துவிட்டுப் போன மோர்ஃபின் போத்தல், மூடி உடைக்காமலே குசினியில் மா வைக்கிற டின்களான மாப்பேணிகளுக்குப் பின்னால் இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். கேட்டதற்கு மாமி, "இந்த வீட்டில நீ மருமகள், பிள்ளை. நர்ஸ் வேலையை ஆஸ்பத்திரியில செய்" என்றார். றமேசும் தாயின் பக்கம் சாய்ந்துகொண்டான். அந்தச் சொல் ஜெனோஜாவுக்குச் சுட்டது. பதினொரு நாள் ஆகியும் இன்னும் ஆறவில்லை.

இன்று புதன்கிழமை. நாளை காலை பத்து மணிக்கு மெலிசா திரும்ப வருகிறாள். வலி கூடியிருந்தால், தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி வைத்து, இரவு பகலாக மருந்து இறக்கும் சின்னப் பம்ப் ஒன்றைப் பூட்டுவாள். "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பாள். மாமா "ரெண்டு" என்பார். மாமி பக்கத்தில் நிற்கும்வரை அது எப்போதும் இரண்டுதான். இரண்டுக்கு யாரும் பம்ப் பூட்டுவதில்லை.

காலை ஆறரைக்கு ஜெனோஜா பயிற்சி வகுப்புக்கு வெளிக்கிடும்போது மாமா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். போர்வைக்கு உள்ளே கை வயிற்றை அமத்திக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் கையை வெளியே எடுத்துவிட்டார்.

"நித்திரை கொண்டீங்களோ மாமா?"

"கொண்டனான் பிள்ளை. கொஞ்சம் வாய்வு. வேறொண்டுமில்லை."

நெற்றி வியர்த்திருந்தது. இந்த நாட்டில் குளிர்காலமான யூன் மாதத்தில், ஹீட்டர் இன்னும் சூடாகாத அறையில், வாய்வுக்கு யாரும் வியர்ப்பதில்லை.

றமேஸ் வாசலில் உட்கார்ந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "ஆவணி மடு மாதா திருவிழாவுக்கு அப்பாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன், ஜெனோ. நேர்த்தி வச்சிருக்கிறன். டிக்கெற்றும் பாத்து வச்சிட்டன்."

"இப்ப யூன், றமேஸ்."

"தெரியும். அதுக்கென்ன?"

"ஒண்டுமில்லை."

மனைவி ஒன்றுமில்லை என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்பது கட்டின புருஷன் எவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவன் மற்றச் சப்பாத்தையும் போட்டான்.

தபால் பெட்டியில் கிடந்த விளம்பரத் தாளை அவன் உள்ளே எறிந்துவிட்டுப் போக, மாமி அதை எடுத்துப் பார்த்தார். கூரையில் பூட்டும் சோலார் பனல் விளம்பரம். மாமிக்கு உடனே பழைய கோபம் கிளம்பிவிட்டது.

"பிள்ளை, உம்மட மாமா செய்த வேலை தெரியும்தானே? போன மாதம் நான் பிரஷருக்கு டொக்டரிட்டப் போயிட்டு வாறதுக்குள்ள, சோலார் விக்க வந்தவன் ஒருத்தனை உள்ள கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் இருத்தி வச்சிருக்கிறார்! நான் பஸ்ஸால இறங்கி நடந்து வரேக்க நீலச் சேர்ட் போட்டவன் ஒருத்தன் காரில ஏறிப் போறான். உள்ள வந்தா ரெண்டு தேத்தண்ணிக் கோப்பை. ஈஸ்ரருக்குச் செய்த கேக்கில கடைசித் துண்டும் இல்லை."

"நல்ல பெடியன், அஞ்சலி" என்றார் மாமா கதிரையிலிருந்து. "கதைக்கத் தெரிஞ்சவன்."

"கதைக்கத் தெரியாதவனை ஏன் விக்க விடுறாங்கள்?" மாமி தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். "இது இஞ்ச இருக்கட்டும். இனி எவனும் வந்தா, எங்களிட்ட விளம்பரம் இருக்குது, நீ போ எண்டு காட்டலாம்."

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை மறுபடியும் போர்வைக்குள் போனது.

*

பக்கத்து ஊரான பொயிண்ட் குக்கில் ஹரிப்பிரியா காருக்காகத் தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். திருச்சிக்காரி. ஜெனோஜாவோடு ஒரே வார்ட். இரண்டு நாள் பயிற்சிக்கு இருவரையும் வார்ட்டிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயாளிகளின் கடைசி நாட்களில் நர்ஸ்மார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். பயிற்சி நடக்கும் மல்கிரேவ், நகரத்தின் மறு கோடியில் இருக்கிறது. இடையில் இருக்கும் பாலத்தில் நெரிசல் பிடித்தால் ஒன்றரை மணித்தியாலம்.

"இன்னிக்கும் லேட்டானா, கிளாஸ் எடுக்குற கெரின் கதவைச் சாத்திடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினாள். "உங்க மாமனார் எப்படி இருக்காரு?"

"வாய்வு."

"இன்னுமா?"

"இன்னும்தான்."

ஹரிப்பிரியா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்த ஆட்களோடு காரில் போவது சுகம்.

பயிற்சி அறை ஒரு அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். பதினாறு நர்ஸ்மார். நேற்று முழுக்க மருந்து: எந்த அளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, பம்ப்பில் எப்படி நிரப்புவது, விழுங்க முடியாதவரின் வாயை எப்படி ஈரமாக வைத்திருப்பது. இன்று முழுக்கப் பேச்சு.

பயிற்சி தருகிற கெரின் முப்பது வருடம் வார்ட்டில் நின்றவர். கழுத்தில் விளையாட்டு மாஸ்டர்போல ஒரு ஸ்டொப்வாட்ச் தொங்கும். அவருடைய சட்டம் கடுமையானது. இருவர் இருவராக நடித்துப் பழகும்போது, நர்ஸாக நடிக்கிறவர் மூன்று வசனம்தான் சொல்லலாம். மற்றதெல்லாம் கேள்வியாக இருக்க வேண்டும். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் பத்துவரை எண்ண வேண்டும்.

"ஏழில் உங்கள் வாய் துருதுருக்கும்" என்றார் கெரின். "மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எட்டில்தான் அவர்கள் பேசுவார்கள். நீங்கள் ஏழில் பேசினால் அவர்கள் சொல்ல வந்தது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது."

பிஸ்கட் டின் ஒன்றில் மடித்த சீட்டுகள் சுற்றி வந்தன. ஜெனோஜா எடுத்ததில், ‘நோயாளியின் மனைவி. கணவருக்கு எதுவும் சொல்லக் கூடாது என்று நிற்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தது. சீட்டைத் திரும்ப டின்னுக்குள் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். கெரின் அதற்குள் இரண்டு கதிரைகளை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டார்.

எதிரே நர்ஸாக வந்து உட்கார்ந்தவள் ஹரிப்பிரியா. அங்கே பேசியது ஆங்கிலம். நமக்குத் தமிழ் போதும்.

"உங்க வீட்டுக்காரரைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

"பேசலாம். ஆனா அவரிட்ட ஒண்டும் சொல்லக் கூடாது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லா வார்ட்டிலும் எல்லாரும் கேட்ட வசனம் அது.

"சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?"

கெரின் ஸ்டொப்வாட்ச்சை அமத்தினார். ஜெனோஜா நடிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது மாமியின் வாய்ப் பேச்சு.

"சொன்னா சாப்பாட்டை விட்டிடுவார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுவார். பிறகு நான் அந்த முதுகைப் பாத்துக்கொண்டு எத்தினை நாளைக்கு இருக்கிறது? நீங்கள் சொல்லிப்போட்டு வீட்ட போயிடுவீங்கள். நான்தானே பக்கத்தில படுக்கோணும்?"

சிரிப்பு நின்றது. சுவர்ப்பக்கம் என்ற சொல் மாமி அடிக்கடி சொல்வது. இதுவரை ஜெனோஜா அதை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. இப்போது தன் வாயால் சொன்னபோதுதான் அதற்குள் இருக்கிற பயம் அவளுக்கே விளங்கியது. மாமியைப் பிடிவாதக்காரி என்று பதினொரு நாளாக மனதுக்குள் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஹரிப்பிரியா கொஞ்சம் முன்னால் குனிந்தாள். "முன்னாடி அடிக்கடி கேட்டுக்கிட்டு இருந்து, இப்போ அவரு கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?"

ஒன்று, இரண்டு, மூன்று. அறையில் ஹீட்டர் இரைந்தது. ஏழு. எட்டு. பத்தும் தாண்டியது. கெரின் நிறுத்தவில்லை.

"ஸ்கான்" என்றாள் ஜெனோஜா. "அடுத்த ஸ்கான் எப்ப எண்டு கேப்பார். கேட்டுக் கலண்டரில வட்டம் போடுவார். இப்ப கேக்கிறேல்லை."

"எவ்வளவு நாளா?"

"தெரியாது." இது நடிப்பல்ல என்று இப்போது பதினைந்து பேருக்கும் தெரிந்தது. "நான் கவனிக்கேல்லை."

கெரின் ஸ்டொப்வாட்ச்சை நிறுத்தி, பத்து நிமிடம் தேநீர் இடைவேளை என்றார். ஜன்னலோரம் நின்ற ஜெனோஜாவிடம் ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, "வீட்டில் நீங்கள் நர்ஸ் இல்லை. அது எனக்கு இப்போது விளங்குகிறது" என்றார். "ஆனால் கேள்வி கேட்பதற்கு நர்ஸ்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை."

திரும்பி வரும்போது பாலத்தில் கார்கள் ஊர்ந்தன. ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

"அந்தக் கேள்வி உமக்கு எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டாள் ஜெனோஜா.

ஹரிப்பிரியா சிவப்பு விளக்குகளைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கப்பா போன்ல எப்பவும் ‘எப்பம்மா வர்றே?’ன்னு கேப்பாரு. லீவு கிடைக்கலைப்பா, கிடைக்கலைப்பான்னு சொல்லிட்டே இருப்பேன். கடைசி ரெண்டு மாசம் அவரு கேக்கவே இல்ல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு ஜெனோ. அப்பாடா, புரிஞ்சுக்கிட்டாருன்னு நெனச்சேன்."



*

மாமி குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். மாமா அறையில் படுத்திருந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. றமேஸ் இன்னும் வரவில்லை.

ஜெனோஜா கோட்டைக் கழற்றாமலே கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். தேவாலயத்தின் தமிழ்ப் பங்கில் கொடுத்த கலண்டர். மாமா நூலில் கட்டித் தொங்கவிட்ட சிவப்புப் பேனா. அவள் தாள்களைப் புரட்டினாள். பெப்ரவரியில் ஒரு வட்டம், மார்ச்சில் ஒரு வட்டம், மே மாதம் ஆறாம் திகதி ஒரு வட்டம். பதினாலாம் திகதியில் மாமியின் கையெழுத்தில் ‘டொக்டர் 2 மணி’. அதற்குப் பிறகு சிவப்பு இல்லை. யூன் பக்கம் வெறுமையாக இருந்தது. மே பக்கத்தையே திரும்பப் பிரித்து வைத்தாள்.

"மாமி, மாமா கடைசியா எப்ப ஸ்கானைப் பற்றிக் கேட்டவர்?"

"ஏன்? அங்க கிளாசில படிச்சதை இஞ்ச கொண்டு வாறீரோ? நான் அண்டைக்கே சொன்னனான்."

"சொன்னனீங்கள். நான் இப்ப மருமகளாத்தான் கேக்கிறன்."

மாமி குனிந்து மாவைக் குழைத்தார். ஜெனோஜா எண்ணினாள். நான்கு. ஐந்து. ஏழில் கெரின் சொன்னது உண்மைதான், வாய் துருதுருத்தது. ‘இல்லை மாமி, நான் என்ன சொல்ல வாறன் எண்டால்’ என்று தொடங்கப் பார்த்த நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

எட்டில் மாமியின் கை நின்றது.

"கேக்கிறேல்லை" என்றார். "ஸ்கானையும் கேக்கிறேல்லை. பூசையையும் கேக்கிறேல்லை. ஒரு ஞாயிறு பூசை விடாத மனுசன். போக ஏலாமல் வந்த காலத்தில, கோயில் குருவானவரை, எங்கட சுவாமியை, வீட்ட கூப்பிட்டு நற்கருணை வாங்குவம் எண்டு ஒவ்வொரு கிழமையும் கரைச்சல் தந்தவர். பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டு நான் கடத்திக்கொண்டு வந்தன். இப்ப ஒரு மாதமா அந்தக் கதையே இல்லை."

"ஏன் மாமி கடத்தினனீங்கள்?"

மாமி கையைக் கழுவிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"எங்கட ஐயா பேசாலையில காய்ச்சலாக் கிடந்தவர். பெரிசா ஒண்டுமில்லை, கஞ்சி குடிச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர். அம்மா பயத்தில, சாகக் கிடக்கிறவைக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற அவஸ்தை பூசுறதுக்குச் சுவாமியைக் கூப்பிட்டா. வெள்ளை அங்கியும் மணியும் மெழுகுதிரியுமா அவர் வாசலுக்கு வர, ஐயா பாத்தார். ஒருக்காத்தான் பாத்தவர். அப்பிடியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். மூண்டாம் நாள் முடிஞ்சுது. எனக்கு அப்ப பதினாறு வயசு. அந்த முதுகு எனக்கு இன்னும் கண்ணுக்க நிக்குது, பிள்ளை."

 எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இதை மாமி சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

"சுவாமி வந்தால் இவருக்கு விளங்கிப்போடும்" என்றார் மாமி. "வராமல் விட்டால், அவஸ்தை பூசாமல் போயிடுவார். அந்தப் பாவம் என்ர தலையில. நான் என்ன செய்ய? நீர் படிச்சனீர்தானே, சொல்லும்."

"மாமாவுக்கு என்ன வேணும் எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே, மாமி."

 இந்த முறை ஜெனோஜா எண்ணவில்லை. மாமி எழுந்து, முந்தானையில் கண்ணைத் துடைத்து, போனை எடுத்துக்கொண்டு பின் வாசலுக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே குளிருக்குள் நின்று, வாயைக் கையால் மறைத்துப் பேசினார். பங்கின் தமிழ்ச் சுவாமி செபநேசனுடன்தான் பேசுகிறார் என்பது ‘சுவாமி, சுவாமி’ என்று குனிகிற தலையிலேயே தெரிந்தது.

உள்ளே வந்தபோது மாமியின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"வாறாராம். நாளையிண்டைக்கு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு."

"நல்லது மாமி."

"அங்கியோட வரவேண்டாம், சுவாமி, இவர் பயந்துபோடுவார், சும்மா ஆள் மாதிரி வாங்கோ எண்டு கேட்டனான்." மாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு அவர் சொல்லுறார், ‘யோசியாதேங்கோ அம்மா, போன முறை வந்த மாதிரி அந்த நீலச் சேர்ட்டோடயே வாறன்’ எண்டு."

மாமி போனை மேசையில் வைத்தார்.

"போன முறையோ? சுவாமி இந்த வீட்டுக்கு எப்ப வந்தவர், பிள்ளை?"

கேட்டு முடிக்கும்போதே மாமியின் கண் குளிர்ப்பெட்டிக் கதவுக்குப் போய்விட்டது. சோலார் விளம்பரம். அங்கிருந்து கலண்டருக்கு. மே பதினாலு, டொக்டர் 2 மணி.

"ரெண்டு கோப்பை" என்றார் மெதுவாக. "மாதா படத்துக்கு முன்னால மெழுகுதிரியும் உருகிக் கிடந்தது. இவர்தான் சும்மா கொளுத்தினவராக்கும் எண்டு நான் சுரண்டிப்போட்டன்."

இத்தனை நாளாகக் கணவருக்குத் தெரியக் கூடாது என்று சுவாமியை வாசலுக்கே அண்டவிடாமல் மனைவி காவல் காத்திருக்கிறார். மனைவிக்குத் தெரியக் கூடாது என்று கணவர் சுவாமியைச் சோலார்காரனாக்கி, அவஸ்தை பூசுவித்து, பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் முடித்து, கேக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஜெனோஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மாமி அடுப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"இஞ்சாருங்கோ."

"ம்."

"உங்கட சோலார்காரன் வெள்ளிக்கிழமை திரும்பி வாறானாம்."

 பிறகு மாமாவின் குரல். "சுவாமி சொல்லிப்போட்டாரோ?"

"ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்?"

"நீ தாங்கமாட்டாய், அஞ்சலி."

"நான் உங்களுக்கு ஒளிச்சதும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். வாய்வுக்கு ஆரும் ஸ்பெஷலிஸ்டிட்டக் கொண்டு போறவையோ?" மாமா மூச்சு வாங்கினார். "உன்ர இஞ்சித் தண்ணி குடிச்சுக் குடிச்சு இப்ப உண்மையாவே வயிறு எரியுது."

மாமி அழுதார். பெரிய அழுகை இல்லை. மூன்று மாதம் அடக்கி வைத்தது மூக்கு வழியாகவும் வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குசினியில் நின்ற ஜெனோஜா, அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை என்பதை அந்தக் குரல் வந்த திசையிலேயே தெரிந்துகொண்டாள்.

"நோகுதோ?"

போர்வை சரசரத்தது.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கேக்கிற மாதிரிக் கேக்கிறன். பத்துக்கு எத்தினை?"

ஜெனோஜா அறியாமலே எண்ணத் தொடங்கியிருந்தாள். ஐந்து, ஆறு, ஏழு.

"எட்டு" என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, "இரவில ஒம்பது."

"ஐயோ, ஆண்டவரே." மாமியின் குரல் உடைந்தது. உடனே உயர்ந்தது. "ஜெனோ! மாப்பேணிக்குப் பின்னால இருக்கிறதை எடுத்துக்கொண்டு வாரும். கெதியா வாரும்! நீர் நர்ஸ்தானே, அளவு உமக்குத்தானே தெரியும்?"

பதினொரு நாளாக நெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்தது அந்த நொடியில் ஆறிவிட்டது. ஜெனோஜா போத்தலை எடுத்தாள். லேபலை இரண்டு முறை வாசித்தாள். மூடியைத் திருகியபோது பிளாஸ்டிக் வளையம் டக்கென்று உடைந்தது. மெலிசா தந்த ஊசியில்லாச் சிரிஞ்சில் அளவை இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். மருந்துக் குறிப்புக் கொப்பியில் நேரத்தை எழுதினாள்: மாலை 6.40. முதல் வரி.

மாமா வாயைத் திறந்து வாங்கினார். "கைக்குது" என்று முகத்தைச் சுளித்தார். மாமியின் கை அவர் நெற்றியில் இருந்தது.

"நாளைக்கு மெலிசா வருவா, மாமா. அவ கேட்டாலும் எட்டு எண்டே சொல்லுவீங்களோ?"

"அஞ்சலி சம்மதமெண்டால் சொல்லுறன்."

"சொல்லுங்கோ" என்றார் மாமி. "பம்ப் எண்டால் பம்ப். பூட்டட்டும்."

அப்போது கராஜ் கதவு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. வாசலில் சப்பாத்துகள் கழன்றன. றமேசின் குரல் வீட்டுக்குள் அவனுக்கு முன்னால் ஓடி வந்தது.

"அப்பா! டிக்கெற் போட்டாச்சு! ஆவணி பத்தாந் திகதி வெளிக்கிடுறம். ஜன்னல் சீற் கேட்டு எடுத்திருக்கிறன். கேக்குதோ?"

அறைக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெனோஜா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா மெலிந்த கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அவனுக்கு இப்ப ஒண்டும் சொல்லிப்போடாதேயும்" என்றார் இரகசியமாக. "எனக்குத் தெரியும் எண்டு அவனுக்குத் தெரிய வேண்டாம். அவன் தாங்கமாட்டான்."

"ஓம்" என்றார் மாமி, கண்ணைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு. "அவன் தாங்கமாட்டான்." போத்தலை ஜெனோஜாவின் கையிலிருந்து வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, மூன்று மாதமாகப் பழகின அதே குரலில், "வா தம்பி! அப்பாவுக்குக் கொஞ்சம் வாய்வு" என்றார்.